ஆலிவ் பச்சை மை

ஆலிவ் பச்சை மை: ஊற்றுப் பேனாவில் நிரப்பி எழுதும் பச்சை மைகளுள் மஞ்சளும் பழுப்பும் கலந்து மங்கிய வகை. பாசிப்பச்சை, காக்கிப்பச்சை ஆகிய சாயல்களும் இதில் அடங்கும். ஈரமாக இருக்கையில் கரும்பச்சையாகத் தெரியும். காய்ந்தபின் கோடு மெலிந்த இடங்கள் மஞ்சளிக்கும். மை தேங்கிய எழுத்து முனைகள் பழுப்பில் இருளும். ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று நிறம் காட்டும் இந்தக் குணத்துக்காகவே பேனா விரும்பிகள் இதைத் தேடுகிறார்கள். இந்தியாவில் பச்சை மை அதிகாரிகளின் கையெழுத்தோடு சேர்த்தே அறியப்பட்டதால், இதன் வரலாற்றைப் பொதுப் பச்சை மையின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

இலைப்பச்சையும் ஏலமலையும்

இலையைப் பிழிந்தால் பச்சை கிடைக்கும். அந்தப் பச்சை தாளில் நிற்பதில்லை. பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் வெப்பத்தாலும் அமிலத்தாலும் கழன்றுபோக, எஞ்சும் ஃபியோஃபைட்டின் என்னும் பொருள் ஆலிவ் பழுப்பு நிறம் உடையது. கூடுதலாக வெந்த கீரையின் நிறம் அதுவே. ஆலிவ், பச்சை கெட்டுப்போகும் வழியில் உள்ள ஒரு கட்டம்.

இந்த மாற்றத்தைத் தடுத்துப் பிழைக்கும் ஊர் என்று, போடி எனப்படும் போடிநாயக்கனூரைச் சொல்லலாம். மலைக்கு மேலே, பெரும்பாலும் இடுக்கிப் பகுதியில் விளையும் ஏலக்காய்க்கு இது பழைய சந்தை. பறித்த காயை 2 விழுக்காடு சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் அறையில் ஏறக்குறைய 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காயவைப்பது பரிந்துரைக்கப்பட்ட முறை. காரத்தன்மை இருக்கும்வரை பச்சையம் மக்னீசியத்தை எளிதில் இழப்பதில்லை. சூடு மிஞ்சினால் காய் ஆலிவுக்கு இறங்கிப் பின் வைக்கோல் நிறமாகும். விலையும் கூடவே இறங்கும். போடிச் சந்தை தள்ளிவைக்கும் அதே நிறத்துக்கு மைக்கடையில் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மலையின் நிறமும் குறிப்பிடத் தக்கது. பொட்டிபுரம் போன்ற அடிவார ஊர்கள் மழைமறைவுப் பக்கத்தில் உள்ளதால், போடி மேற்கு மலையின் கீழ்ச்சரிவுகள் ஆண்டின் பெரும்பகுதி புழுதி படிந்த மஞ்சட்பச்சையாகவே இருக்கும். போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது முட்புதர்க் காடு மாறிச் சோலையும் ஏலத்தோட்டமும் வரும்; ஆலிவ் மைகளின் நிறவரிசையைப் பார்க்க விரும்புவோர்க்கு இதைவிட நல்ல அட்டவணை அமைவது அரிது.

பழைய மைகள்

ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து எளிதில் புலப்படுவதற்காக விளக்குக்கரி, மஞ்சள், கோவையிலைச் சாறு போன்றவற்றைத் தடவினார்கள். இங்கு இலைச்சாறு கரியைப் பிடித்துவைக்கும் துணைப்பொருள். கண்ணுக்குத் தெரியும் நிறம் கரியுடையது.

தாளுக்கு வந்த மைகளில் கடுக்காய் மை முக்கியமானது. கடுக்காய்த் தோலை இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டி, அன்னபேதி சேர்த்து, கருவேலம்பிசின் கலந்து செய்வார்கள். கடுக்காயின் டானினும் அன்னபேதியின் இரும்பும் கூடிக் காற்றுப் படப்படக் கறுக்கும். ஐரோப்பாவில் ஓக் மரத்து மாசிக்காயைக் கொண்டு செய்த இரும்பு மைக்கும் வேதியியல் இதுவே. கடுக்காய்க் கஷாயம் தனியாக மஞ்சள் நிறமுடையது. இரும்பு சிறிதளவு சேர்ந்தால் பச்சை கலந்த காக்கிச் சாம்பலும், நிறையச் சேர்ந்தால் கறுப்பும் வரும். ஆகவே ஆலிவை ஒட்டிய சாயல் கடுக்காய் மை செய்தவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும். கணக்கு எழுதக் கறுப்பு வேண்டியிருந்ததால் அவர்கள் அங்கே நிற்கவில்லை.

கலம்காரித் துணியில் பச்சைக்கு வேறு வழி: அவுரி நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டுவது. மஞ்சட் சாயம் வெளிச்சத்தில் முதலில் அழிந்துவிடுவதால், சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பழைய துணிகளில் இலைகள் இன்று நீலமாகத் தெரிகின்றன. கலவைச் சாயத்தால் ஆன ஆலிவ் மைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஐரோப்பாவில் செம்புக் களிம்பால் பச்சை மை செய்தார்கள். அது நாளடைவில் தாளை அரித்தது. மாலகைட் கிரீன் (1877), பிரில்லியன்ட் கிரீன் (1879) முதலிய செயற்கைச் சாயங்கள் வந்தபின் நிலைமை மாறியது.

சுதேசிக் காலம்

1884இல் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற பேனாவுக்குப் பிறகு ஊற்றுப் பேனா பரவியது. இந்தியாவில் பேனாவும் மையும் நெடுங்காலம் இறக்குமதிச் சரக்காகவே இருந்தன. 1930களில் இது அரசியலானது. ராஜமுந்திரியில் ரத்தினம் செய்த பேனாவுக்கு நன்றி தெரிவித்துக் காந்தி எழுதிய 1935ஆம் ஆண்டுக் கடிதம் பேனா வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. வங்கத்தில் சதீஷ் சந்திர தாஸ்குப்தா உருவாக்கிய 'கிருஷ்ணதாரா' மையின் செய்முறை மைத்ரா குடும்பத்தாரிடம் வந்து, 1934இல் ராஜ்ஷாஹியில் 'சுலேகா' ஆயிற்று. அந்தப் பெயரைச் சூட்டியவர் தாகூர் என்று சொல்லப்படுவதுண்டு. குடும்பத்தாரே வைத்தார்கள் என்றும் கூறுவர். பம்பாயில் தண்டேகர் 1931இல் மைத்தூளும் மைவில்லையும் செய்யத் தொடங்கிய தொழில், பின்னர் ஒட்டகச் சின்னத்துடன் 'கேம்லின்' ஆயிற்று.

மைவில்லை பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம். மாத்திரை போன்ற அந்த வில்லையைத் தண்ணீரில் கரைத்தால் மை தயார். புட்டி உடையும் கவலையோ வண்டிச்சத்தமோ இல்லாததால் சிற்றூர்ப் பள்ளிகள் வரை போயிற்று. தண்ணீர் அளவு மாணவர் கையில் இருந்ததால் ஒரே வகுப்பில் ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வோர் அடர்த்தியில் இருக்கும். பெஞ்சுப் பலகையில் மைக்கூடு வைக்கக் குழி இருந்த காலம் அது. தொட்டு எழுதும் கட்டைப் பேனாதான் புழக்கம். ஊற்றுப் பேனா மலிந்தபின் 'பிரில்', 'செல்பார்க்', 'கேமல்' புட்டிகளும் இங்க் ஃபில்லரும் வந்தன. மை தீர்ந்தவன் பக்கத்துப் பையனிடம் சொட்டுக் கணக்கில் கடன் வாங்குவான். சிந்தியதைச் சாக்பீஸ் குடித்துவிடும். நிப்பின் பிளவில் பிளேடு விட்டுச் சுத்தம் செய்வதும், கழுத்தைப் பல்லால் கடித்துத் திருகுவதும் பேனாவின் ஆயுளைக் குறைத்த இரு பழக்கங்கள்.

சென்னையில் பாரிமுனைப் பகுதியின் ஜெம் அண்ட் கோ 'காமா' என்ற பெயரில் எபொனைட் பேனாக்களை விற்றது. திருவள்ளூரில் கடைசல் பிடித்துப் பேனா செய்யும் 'ரங்கா' குடும்பத்தின் தொழில் இன்றும் நடக்கிறது. மு. கருணாநிதி விரும்பி எழுதியது 'வாலிட்டி' பேனா. பித்தானோ பம்போ இல்லாமல் உடலுக்குள் நேராக மை ஊற்றும் இவ்வகைப் பேனாக்கள் அதிக மை கொள்ளும். நிறமும் தாளில் தாராளமாக இறங்கும்.

இந்த முழுக் காலத்திலும் ஆலிவ் என்று தனிப்புட்டி வந்ததில்லை எனலாம். சாய மைகளுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1221 நீலம், பச்சை, ஊதா, கறுப்பு, சிவப்பு என்ற ஐந்து நிறங்களையே கருதியது. இரும்பு மைக்கு ஐஎஸ் 220 தனியாக இருந்தது. ஆலிவ் வேண்டியவர்கள் பச்சைப் புட்டியில் சில சொட்டுச் சிவப்பு விட்டுக் கலந்துகொள்ளலாம். சிவப்பு ஒரு சொட்டு மிகுந்தாலும் சேற்று நிறமாகிவிடும்.

அதிகாரியின் பச்சை

தமிழ்நாட்டில் 'பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர்' என்றால் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி. மதிப்பெண் பட்டியலின் நகலில் சான்றொப்பம் வாங்க அவர் வீட்டு வாசலில் காத்திருந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. வழக்கத்தின் தோற்றம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. எழுத்தர்களின் நீலக்கறுப்பிலிருந்து மேலதிகாரியின் குறிப்பைப் பிரித்தறிய வந்தது என்பர் சிலர். பிரிட்டிஷ் கடற்படை மரபு என்பர் வேறு சிலர்; பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறையின் முதல் தலைவர் மான்ஸ்ஃபீல்ட் கம்மிங் பச்சை மையில் 'சி' என்று கையெழுத்திட்டதை இதற்குத் துணையாகக் காட்டுவதும் உண்டு. தணிக்கையாளரின் பச்சைக் குறியையும் இதனோடு இணைத்துப் பேசுகிறார்கள்.

நடைமுறையில் பரவியிருந்த அளவுக்கு எழுத்துவிதி தாராளமானதன்று. மத்தியச் செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேடு, இணைச் செயலர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்கள் அரிதான சூழல்களில் பச்சை அல்லது சிவப்பு மையைப் பயன்படுத்தலாம் என்கிறது. மற்றவர்க்கு நீலமும் கறுப்புமே. 2013–14இல் மத்திய அரசு சுயசான்றொப்பத்தை ஊக்குவித்த பிறகு, வாசலில் காத்திருக்கும் தேவை பெருமளவு குறைந்தது. இங்கிலாந்தில் பச்சை மையில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுபவர் கிறுக்கர் என்று கேலி உண்டு. சிலியில் பாப்லோ நெருதா கவிதைகளைப் பச்சையில் எழுதினார்.

பந்துமுனைப் பேனா

1980களின் நடுவில் சென்னையிலிருந்து வந்த ரெனால்ட்ஸ் பந்துமுனைப் பேனா பள்ளிப்பையிலிருந்து மைப்புட்டியை வெளியேற்றியது. சுலேகா அந்தப் பத்தாண்டின் இறுதியில் மூடப்பட்டது.

தேர்வும் பயன்பாடும்

ஆலிவ் மைகளை மூன்று கிளைகளாகப் பார்ப்பது வசதி. மஞ்சள் தூக்கியவற்றில் ரோரர் அண்ட் கிளிங்னரின் 'ஆல்ட் கோல்ட்குருன்', பைலட் நிறுவனம் 2007இல் தொடங்கிய இரோஷிசுகு வரிசையின் 'சிகு-ரின்' ஆகியவை பேசப்படுபவை. பிந்தையது மூங்கில் காட்டின் பெயர் கொண்டது. பழுப்புக்குச் சாய்ந்தவற்றுக்கு டயமைனின் 'சஃபாரி', செய்லரின் 'ரிக்யூ-சா'. இருண்டவற்றுக்கு பெலிகன் 2018இன் ஆண்டு மையாக வெளியிட்ட 'ஒலிவைன்'. நாள்தோறும் எழுதுபவருக்கு இருண்ட கிளையே ஏற்றது. மஞ்சள் கிளை அழகு. மெல்லிய நிப்பில் அதைப் படிக்கக் கண் வலிக்கும்.

பிளாட்டினம் நிறுவனத்தின் 'சிட்ரஸ் பிளாக்' தனி வகை. எழுதும்போது எலுமிச்சை மஞ்சளாக இறங்கி, நிமிடக்கணக்கில் காற்றுப்பட்டு ஆலிவாக இருளும். அதில் இருப்பது இரும்பு. கடுக்காய் மையின் தூரத்து உறவு என்றே கொள்ளலாம்.

நிறம் புட்டியில் தெரிவதுபோல் தாளில் தெரியாது. அகன்ற நிப்பில் சாயல் வேறுபாடு நன்கு விழும். மெல்லிய நிப்பில் ஒரே நிறமாக நின்றுவிடும். மஞ்சள் விளக்கில் ஆலிவ் பழுப்பாகத் தெரிவதால் பகல் வெளிச்சத்தில் பார்த்தே முடிவு செய்வது நல்லது. மையொற்றும் தாளின் கீற்றில் ஒரு சொட்டு வைத்து அடியைத் தண்ணீரில் நனைத்தால், நீர் ஏற ஏற மஞ்சளும் நீலமும் சிலவற்றில் சிவப்பும் தனித்தனிப் பட்டையாகப் பிரியும். கலவை எதனால் ஆனது என்பதை அது காட்டிக்கொடுக்கும். வீட்டில் கலப்பவர்கள் கலவையை ஓரிரு நாள் தனிப்புட்டியில் வைத்து, வண்டல் படியவில்லை என்று கண்டபின்பே பேனாவில் ஊற்ற வேண்டும். இரும்பு மையோடு சாய மையைக் கலக்கவே கூடாது.

தாளும் ஈரப்பதமும் முக்கியம். தென்மேற்குப் பருவமழையில் மலைவீடுகளில் தாள் ஈரத்தை இழுத்து, எழுத்தின் ஓரம் இறகு விரிக்கும். கரூர் அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் டி.என்.பி.எல். ஆலையின் நோட்டுகள் ஊற்றுப் பேனாவுக்கு ஏற்றவை என்று பலர் கருதுகிறார்கள். நகலெடுக்கும் தாள் அவ்வளவு ஏற்றதன்று.

காசோலைக்கு வெளிறிய ஆலிவ் வேண்டாம். காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வுசெய்யும் முறை 2008இல் புது டெல்லியிலும் 2011இல் சென்னையிலும் வந்தபின், படத்தில் தெளிவாக விழும் மையையே ரிசர்வ் வங்கி விரும்புகிறது.

அண்மைக் காலம்

சுலேகா 2006இல் மீண்டும் திறக்கப்பட்டு, 2020இல் ஊற்றுப் பேனா மைகளைப் புதிதாக வெளியிட்டது. பாலக்காட்டுப் பக்கம் மருத்துவர் ஒருவர் கையால் செய்யும் 'கிருஷ்ணா' மைகளில் 'காட் கிரீன்' மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயரைத் தாங்கியது. போடியில் ஏலக்காய் ஏலம் மின்னணு முறைக்கு மாறிவிட்டது. அங்கு விலை கேட்க மை தேவைப்படுவதில்லை.