மெய்ப்புத் திருத்தம்

அச்சுக்குச் செல்லும் பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை களையும் பணி. பதிப்புத் தொழிலின் ஒரு பிரிவு. நடை, பொருள், அமைப்பு ஆகியவற்றைச் செப்பனிடும் பிரதி மேம்படுத்தல் இதனின் வேறானது. சிறு பதிப்பகங்களில் இரண்டையும் பெரும்பாலும் ஒருவரே செய்கிறார். ல-ள-ழ, ர-ற, ண-ந-ன மயக்கம், ஒற்று மிகுதல், சொல் பிரிப்பு ஆகியவை தமிழில் முதன்மையாகக் கவனிக்கப்படுபவை. ஒருவர் மூலத்தை வாசிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்ப்பது பழைய முறை. புதியவர் தொழில் பழகியதும் பெரிதும் இவ்வாறே.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவி, பிழையற்ற பதிப்புக்கு முன்மாதிரி தந்தார். உ. வே. சாமிநாதையர் (1855–1942) சீவக சிந்தாமணி (1887), புறநானூறு (1894) உள்ளிட்டவற்றைப் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தார். மாணவர்கள் அவருக்கு உதவியபடியே சுவடி வாசிப்பு, பாடபேதக் குறிப்பு, அச்சுத் திருத்தம் ஆகியவற்றைக் கற்றனர். அவர்களுள் கி. வா. ஜகந்நாதன் (1906–1988) குறிப்பிடத்தக்கவர். ‘கலைமகள்’ இதழின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவர்.

1974இல் சென்னையில் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தின் எஸ். ராமகிருஷ்ணன், பிரதி மேம்படுத்தலைத் தனித் துறையாகவே நடத்தினார். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றும் திருத்துநரின் மேசையில் இருக்கவேண்டிய நூல்.