திப்புவின் இணைத் துப்பாக்கிகள்

திருமலையில் வீடு, ஆரணியில் பட்டு வியாபாரம். பழைய கைத்துப்பாக்கிகளின் மேல் எனக்குப் பித்துப் பிடித்ததற்கு ஆரணிக் கோட்டைதான் காரணம். மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் தளவாடக் கிடங்கு அங்கே இருந்தது. அதைப் பிடிக்க ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் படையோடு வந்தார். 1782 ஜூன் 2-இல் சண்டை நடந்தது. கோட்டை அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் ஹைதர் இறந்துபோக, அவர் மகன் திப்பு பட்டத்துக்கு வந்தார். அவர் செய்வித்த துப்பாக்கிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த நான் இன்னும் நிறுத்தவில்லை.

தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் திப்புவுக்கென்றே வேலை நடந்தது. அங்கே செய்த இணைத் துப்பாக்கிகள்தான் என்னை மலைக்க வைக்கின்றன. ஒன்றில் சுடும் பொறி வலப்பக்கம், அதன் ஜோடியில் இடப்பக்கம். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் குதிரையும், அது மோதித் தீப்பொறி கிளப்பும் எஃகுத் தகடும் ஒன்றுக்கொன்று நேர் எதிராகத் திரும்பியிருக்கும். ஒரு ஜோடி செய்ய இரண்டு விதமாக அடித்து, இரண்டு விதமாக அராவ வேண்டும். போதாததற்குப் புலி முகமும் புலி வரியும் வேறு. இப்படி உழைத்த கம்மியர்களை வெறும் ஆயுதம் செய்கிறவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மதிப்புப் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது துப்பாக்கியில் பொறித்த எழுத்தையும் ஆண்டையும்தான். திப்பு 1787 வாக்கில் மௌலூதி என்ற புது ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அதன் எண்களை வலமிருந்து இடமாக எழுதினார்கள். 1224 என்ற ஆண்டு, பழக்கமில்லாத கண்ணுக்கு 4221 என்று படும். நம் கணக்கில் அது 1796-97.

அடுத்து, பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறு. 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கொள்ளைப் பொருள்கள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினருக்குள் பங்கிடப்பட்டு இங்கிலாந்து போயின. ராபின் விகிங்டன் என்பவர் ஆயுள் முழுக்க இவற்றைச் சேர்த்தார். திப்புவின் துப்பாக்கிகளைப் பற்றி 1992-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் சேகரிப்பு 2005-இல் சோதபீஸில் ஏலம் போனது. 2019-இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த திப்புவின் நீளத் துப்பாக்கி 60,000 பவுண்டுக்கு விலை போனது. மேஜர் தாமஸ் ஹார்ட் என்ற கம்பெனி அதிகாரி கொண்டுபோனது என்ற சரித்திரம் அதற்குத் துணை நின்றது.

மூன்றாவது, பழமை கெடாமல் இருப்பது. பாட்டி காலத்துச் சேலையை எரித்து, ஜரிகை வெள்ளியை எடைக்குப் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். துப்பாக்கிக் குழலைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் அதே வேலைதான். முத்திரை மழுங்கிவிட்டால் செய்தவன் பெயரும் போய்விடும், விலையும் விழுந்துவிடும்.

நம் நாட்டில் இப்படி ஒரு பொருள் வீட்டில் இருந்தால் இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு மட்டும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்குத் தருகிறது. சுடக்கூடியது என்றால், எத்தனை பழையதானாலும் அந்த விலக்கு இல்லை. நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. லண்டன் விலையைக் கேட்டு ஆசைப்பட்டு என்னிடம் விசாரிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எண்ணெய்த் துணியால் கூடத் துடைக்காதீர்கள், இருக்கிறபடியே படம் எடுத்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்க் கேளுங்கள்.