அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்

பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் தமிழ்நாடு அரசு நடத்தும் கடன் மானியத் திட்டம். 2023-24 நிதிநிலை அறிக்கையில் ரூ.100 கோடி ஒதுக்கீட்டுடன் அறிவிக்கப்பட்டது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை செயல்படுத்துகிறது.

உதவி: திட்ட மதிப்பில் 35% முதலீட்டு மானியம் (உச்சவரம்பு ரூ.1.5 கோடி), எஞ்சிய 65% வங்கிக் கடன், 6% வட்டி மானியம். மானியம் முன்கூட்டியே கிடைப்பதால் பயனாளி சொந்தப் பணம் போட வேண்டியதில்லை. கையில் முதல் இல்லாதவர்களைத் தடுத்துவந்த பெரிய தடை இதனால் நீங்குகிறது.

தகுதி: வயது 55-க்குள், குறைந்தபட்சக் கல்வித்தகுதி இல்லை. உற்பத்தி, வணிகம், சேவைத் தொழில்கள் மூன்றுக்கும் பொருந்தும்.

கடலூரில்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29% பட்டியலினத்தவர்; எனவே திட்டத்தின் தேவை இங்கு மிகுதி. மஞ்சக்குப்பம், சிதம்பரம் உள்ளிட்ட பகுதியினர் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.