இரண்டாம் வரி: மொரீசியஸ் ரூபாய்த் தாளும் முதலில் வந்தவர்களின் வரலாறும்

மொரீசியஸ் ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்த வரி தமிழ். தேவநாகரி அதற்கும் கீழே. 1998 நவம்பரில் வெளியான புதிய தாள்களில் இந்த வரிசை மாறி, தேவநாகரி மேலேயும் தமிழ் கீழேயும் அச்சாகியிருந்தது. தமிழர் கொதித்தெழுந்தனர். நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அவர்களுடைய எதிர்ப்புக்குப் பணிந்து, மத்திய வங்கி அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசையிலேயே மறுபடியும் அச்சிட்டு வெளியிட்டது. தமிழர் முன்வைத்த நியாயம் ஒன்றே: இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள்.

அந்தக் கூற்று உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை என்பதும், விடுபட்ட மறுபாதியைச் சேர்த்தால் தமிழர் யார், அடிமைகளின் சந்ததியான கிரியோல் யார் என்ற பிரிவினையே ஆட்டம் காணும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தீவுக்குத் தொல்குடி என்று எவரும் இல்லை. 1598இல் ஒல்லாந்தர் இறங்கியபோது அங்கே மனிதரே இல்லை. 1638இல் குடியேறி, இடையில் ஒருமுறை கைவிட்டுத் திரும்பிவந்து, 1710இல் ஒரேயடியாக வெளியேறினார்கள். அவர்கள் விட்டுச் சென்றவை கரும்பும் பிரின்சு மவுரிட்ஸின் பெயரும். 1715இல் பிரெஞ்சுக்காரர் தீவைக் கைக்கொண்டு ‘பிரான்சுத் தீவு’ என்று பெயர் மாற்றினர். 1735இல் ஆளுநராக வந்த மாஹே த லபோர்தொனே போர்ட் லூயியைத் துறைமுக நகராக்கப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். பிரெஞ்சுக்காரர் அவர்களை ‘மலபார்’ என்றனர். நகரின் புறத்தே அவர்கள் குடியிருந்த பகுதிக்கும் ‘மலபார் முகாம்’ என்றே பெயர். அந்தத் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட கப்பற்படையோடுதான் 1746இல் லபோர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். நம் பாடநூல்களில் ஒரு வரியில் கடந்துபோகும் அந்தச் சென்னை முற்றுகைக்குப் பின்னால் தமிழ்க் கைவினைஞர் கட்டியெழுப்பிய துறைமுகமும் இருக்கிறது.

மொரீசியசுத் தமிழர் பெருமையோடு நினைவுகூர்வது இந்தக் கைவினைஞர்களைத்தான். அதே காலத்தில், அதே சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் இந்தியர்கள் அடிமைகளாகவும் விற்கப்பட்டு அத்தீவுக்கு வந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களே அடிமைகளில் மிகப் பெரும்பாலோர். அதனாலேயே இந்திய அடிமை என்ற செய்தி நம்மவர் நினைவில் தங்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: சுதந்திரராக இருந்த இந்தியரில் வசதி படைத்த சிலர் தாங்களே அடிமைகளை வைத்திருந்தனர். முதலில் வந்த தமிழர் என்று ஒரே கூட்டமாகப் பேசினால், வாங்கியவரையும் வாங்கப்பட்டவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர்களாவோம்.

அடிமையாக வந்த தமிழருக்கு என்ன ஆயிற்று? இத்தீவுகளுக்கென 1723இல் பிறப்பிக்கப்பட்ட அடிமைச் சட்டம், அடிமைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கட்டாயம் என்றது. ஊர்ப் பெயர் போயிற்று, அப்பன் பெயர் போயிற்று. உரிமையாளர் இட்டதே பெயர். 1810இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலை பெற்றவர்கள் 60,000க்கும் மேற்பட்டோர். நட்டஈடாகக் கிடைத்த சுமார் 20 லட்சம் பவுண்டு முழுவதும் உரிமையாளர்களுக்கே போனது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அவர்களுடைய சந்ததி கிரியோல் ஆயிற்று. அதற்குள் தமிழ் வேரும் கலந்து மறைந்தது.

பின்னால் வந்த ஒப்பந்தக் கூலிகளின் கதை வேறு. 1834 முதல் ஏறத்தாழ 4,50,000 பேர் வந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சென்னை மாகாணத் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். கரும்புத் தோட்டத்தில் அவர்கள் பட்ட பாடு சிறிதல்ல. ஆயினும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், ஊர், சாதி, வயது, கப்பல் எனப் பதிவேடு எழுதப்பட்டது. 1860களிலிருந்து புகைப்படமும் சேர்ந்தது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவை இன்றும் இருக்கின்றன. முத்துக்கருப்பன் ‘மூட்டூகுர்ப்பென்’ ஆனார், அருணாசலம் ‘அர்னாசெல்லும்’ ஆனார். எழுத்தரின் காதில் சிதைந்தாலும் பெயர் பிழைத்தது. 100 ரூபாய்த் தாளில் இருக்கும் ரெங்கநாடென் சீனிவாசென் என்ற பெயரை வாய்விட்டுப் படித்தாலே போதும், தமிழ்க் காதுக்கு ரங்கநாதன் சீனிவாசன் கேட்டுவிடும்.

அடிமையின் பேரனுக்கு அப்படிக் கேட்க ஒரு பெயர் இல்லை. இரு சாராருக்கும் இடையே உள்ள வேறுபாடு முதன்மையாக இரத்தத்தில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

1968 மார்ச் 12இல் விடுதலை பெற்ற நாடு இந்தப் பதிவேட்டுப் பார்வையை அப்படியே அரசமைப்புக்குள் கொண்டுவந்தது. இந்து, முஸ்லிம், சீன வம்சாவளியினர் என மூன்று சமூகங்கள். வாழ்க்கைமுறையால் இந்த மூன்றிலும் அடங்காதவர் எல்லாம் ‘பொது மக்கள்தொகை’. தோட்ட முதலாளியான வெள்ளையரின் வாரிசும் அவருடைய அடிமையின் வாரிசும் இந்த நான்காம் தொகுதியில் ஒன்றாக நிற்கிறார்கள். தமிழரோ இந்துக்களுக்குள் அடக்கம். தோற்ற வேட்பாளர்களிலிருந்து நாடாளுமன்றத்தின் 8 இடங்களை நிரப்பும் முறை இந்தப் பகுப்பை நம்பியே இயங்குகிறது. அதற்கு அடிப்படை 1972 கணக்கெடுப்பு. அதற்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் சமூகம் எது என்ற கேள்வியே கேட்கப்படவில்லை. வேட்பாளர் தம் சமூகத்தை அறிவித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் குறை கண்டது.

ரூபாய்த் தாள் சர்ச்சை எழுந்த சில மாதங்களுக்குள், 1999 பிப்ரவரியில், ‘சேகே’ இசையின் முன்னோடியான கிரியோல் பாடகர் காயா காவல்துறைப் பாதுகாப்பில் இறந்தார். நாடு முழுவதும் கலவரம் வெடித்தது. தமிழர் ஒரு வரிக்காகப் போராடி வென்றார்கள். கிரியோல் மக்களுக்கு அந்தத் தாளில் ஒரு வரியே கிடையாது. அவர்களுடைய மொழியைத்தான் தீவில் எல்லோரும் பேசுகிறார்கள், தமிழர் உட்பட. அடிமைமுறையின் விளைவுகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நீதி ஆணையம் 2011இல்தான் அறிக்கை தந்தது.

இரண்டாம் வரியைத் தமிழர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். முதலில் வந்தவர் என்ற உரிமையைக் கோருவோர், முதலில் வந்த அனைவரையும் தம்மவராக ஏற்க வேண்டும்.

இங்கே நம் பல்கலைக்கழகங்களில் புலம்பெயர்ந்த தமிழர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கூலிக் கப்பலில் தொடங்குகின்றன. மொரீசியசுக்கு அந்தத் தொடக்கம் ஒரு நூற்றாண்டு பிந்தியது. ஆங்கிலேயர் 1810களில் எழுதத் தொடங்கிய அடிமைப் பதிவேடுகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் உள்ளன; அவற்றில் மடகாஸ்கர், மொசாம்பிக் என்ற பிறப்பிடக் குறிப்புகளுக்கு நடுவே இந்தியர் என்ற குறிப்பும் வருகிறது. தமிழும் பிரெஞ்சும் அறிந்த இளம் ஆய்வாளர்கள் அந்த ஏடுகளைத் திறக்க வேண்டும்.