ஒரே விலையும் பேரமும்

ஒரு பொருளின் விலை யாது என்று கேட்டால் இருவகை விடைகள் கிடைக்கலாம். ஒன்று, விலைச்சீட்டிலே எழுதப்பட்டிருப்பது. மற்றையது, விற்பவரும் வாங்குபவரும் வாதாடி முடிவில் இணங்கிக்கொள்வது. முன்னது நேர்மை, பின்னது தந்திரம் என்று கருதுவோர் பலர். பேரம் பேசுவது வாங்குபவரின் உரிமை என்று வாதிப்போரும் உளர். இவ்விரு வழக்கங்களுக்குமிடையே நிகழ்ந்த நெடிய போராட்டத்தை யப்பான் தேசத்தின் வணிக வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. ஒரே விலை என்னும் கொள்கையை ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கடைத்தெருவுக்குக் கொண்டுவந்த தேசம் அது. வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சியும் கணினியும் விற்கும் கடைகளிலே பேரம் மீண்டும் தலைதூக்கிய தேசமும் அதுவே.

பதினேழாம் நூற்றாண்டிலே இன்றைய தோக்கியோ நகரம் எடோ என்னும் பெயருடன் விளங்கியது. ஷோகன் என்னும் படைத்தலைவரின் ஆட்சிக்கு அதுவே இருப்பிடம். பிரபுக்களும் போர்வீரரும் அவர்களை அண்டி வாழ்ந்த கைவினைஞரும் அங்கு நிறைந்திருந்தனர். பட்டுத்துணி வணிகம் அந்நாளைய பெருவணிகங்களுள் ஒன்று. வணிகர் துணி மாதிரிகளைப் பிரபுக்களின் மாளிகைக்குக் கொண்டுசென்று காட்டுவர். அல்லது துணிகளையே சுமந்துசென்று விற்பர். விலை முன்கூட்டிக் குறிக்கப்படுவதில்லை. ஆளையும் அந்தஸ்தையும் பார்த்துக் கூட்டிச் சொல்லுவர். பேரத்தின் பின்னர் குறைப்பர். பணமோ உடனே கைக்கு வராது. ஆண்டிற்கு ஓரிரு தவணைகளிலேயே கணக்குத் தீர்க்கப்படும். அதுவரைக்குமான வட்டியும், கடன் திரும்பாதொழிந்தால் வரும் நட்டமும் விலையினுள்ளே மறைந்திருக்கும். முழுச் சுருளாகவன்றித் துணியை வெட்டி விற்கும் வழக்கமும் பெரிய கடைகளில் இல்லை. ஆகவே ஒரு தச்சரோ மீன் விற்பவரோ தம் மகளுக்குச் சிறிதளவு பட்டு வாங்க விரும்பினால், அந்தக் கடைகள் அவருக்கு உரியனவாக இருக்கவில்லை.

இந்த நிலைமையை மாற்றியவர் மிட்சுயி தக்காதோஷி என்னும் வணிகர். அவர் 1622 ஆம் ஆண்டிலே மட்சுசாகா என்னும் ஊரிற் பிறந்தவர். 1673 ஆம் ஆண்டில், தமது ஐம்பத்திரண்டாம் வயதிலே, எடோ நகரில் எச்சிகோயா என்னும் துணிக்கடையைத் திறந்தார். அக்கடையின் விதிகள் சில சொற்களில் அடங்குவன. விற்பனை கடையிலேயே நடைபெறும். பணம் ரொக்கமாகக் கொடுக்கப்படல் வேண்டும். சொல்லும் விலையிலே கூட்டுதலுமில்லை, குறைத்தலுமில்லை. எவ்வளவு துணி வேண்டுமோ அவ்வளவே வெட்டிக் கொடுக்கப்படும்.

மற்றைய வணிகர் இதனைப் பொறுத்துக்கொண்டாரல்லர். சங்கத்தைச் சேர்ந்தோர் அவருடன் கொடுக்கல் வாங்கலை நிறுத்தினர். அவருடைய கடையின் அடுக்களைப் பக்கமாக அசுத்த நீர் ஓடும்படி பொது மலகூடம் ஒன்றை அமைத்தனர் என்றும் வரலாறு கூறுகின்றது. 1682 ஆம் ஆண்டில் எடோ நகரிற் பரவிய பெருந்தீ கடையையும் எரித்துவிட்டது. தக்காதோஷி தளரவில்லை. மறு ஆண்டிலே சுருகாச்சோ என்னும் இடத்திற் புதிய கடையைத் திறந்து, நகரெங்கும் துண்டுப் பிரசுரங்களை வழங்கினார். விலையிலே பொய்யில்லையாதலால், எவர் வந்து பேரம் பேசினும் ஒரு காசும் குறைக்கப்படமாட்டாது என்பதே அப்பிரசுரத்தின் சாரம். மக்கள் திரண்டு வந்தனர். 1687 இல் ஷோகனின் அரண்மனைக்கே துணி வழங்கும் உரிமை அக்கடைக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு வெளியான இஹாரா சைக்காக்குவின் நூலொன்று, ஒவ்வொரு துணி வகைக்கும் தனித்தனிச் சிப்பந்தியை அமர்த்தியிருந்த அக்கடையின் ஒழுங்கை வியந்து பேசுகின்றது. அவ்வெச்சிகோயாவே 1904 ஆம் ஆண்டில் மிட்சுகோஷி என்னும் பெயர் பெற்றுப் பெரும் பல்பொருள் அங்காடியாக வளர்ந்தது.

ஒரே விலை என்பதன் பயன் யாருக்குக் கிட்டிற்று என்பது கவனித்தற்குரியது. பிரபுவின் வீட்டுக் காரியத்தருக்குப் பேரம் பேசத் தெரியும். சந்தை நிலவரத்தை அறிந்த வணிகருக்கும் தெரியும். நாக்கூச்சமுடைய ஏழைப் பெண்ணுக்கோ, முதன்முறை நகரத்துக்கு வந்த கிராமத்தவருக்கோ அது தெரியாது. பேரம் நிலவும் கடையிலே சாமர்த்தியசாலி பெற்ற விலைக்கழிவை வாய்பேசாதவரே கட்டித் தீர்க்கின்றார். ஒரே விலை வந்தபோது அவ்விருவரும் கடைப்படியிற் சமமாயினர். எச்சிகோயாவின் வெற்றிக்கு இந்தச் சமத்துவமே அத்திவாரம்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒசாக்கா நகரிலே துவிச்சக்கர வண்டிக் கடையொன்றில் மட்சுஷிட்டா கொனொசுகே என்னும் சிறுவன் வேலை பழகிக்கொண்டிருந்தான். பதின்மூன்று வயதளவில் ஒருநாள், வண்டியொன்றை வாடிக்கைக்காரர் ஒருவரிடம் காட்டும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது. சிறுவனின் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்த அவர், நூற்றுக்குப் பத்துக் கழித்துத் தந்தால் வாங்குவதாகக் கூறினார். சிறுவன் ஓடிவந்து முதலாளியிடம் சொன்னான். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கழிக்க முடியாதென்று முதலாளி மறுத்துவிட்டார். முதல் விற்பனை கைநழுவுகின்றதே என்று சிறுவன் அழுதான். செய்தியறிந்த வாடிக்கைக்காரர் மனமிரங்கி, ஐந்து கழித்த விலைக்கே வண்டியை வாங்கினார். அச்சிறுவன் அங்கிருக்கும்வரை வேறு கடையை நாடுவதில்லை என்றும் வாக்களித்தார். மட்சுஷிட்டா முதுமையிலும் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது.

அச்சிறுவன் 1918 ஆம் ஆண்டிலே தன் பெயரால் மின்சாதனத் தொழிலகம் ஒன்றைத் தொடங்கினான். 1935 இல் அவ்வகத்தின் பொருள்கள் எல்லாக் கடைகளிலும் ஒரே விலைக்கு விற்கப்படல் வேண்டுமென்ற இயக்கத்தை மட்சுஷிட்டா ஆரம்பித்தார். பேரம் பேசினால் விலை குறையும் கடையிலே, பேரம் பேசாது வாங்கிச் சென்றவர் ஏமாற்றப்பட்டவராகின்றார். அத்தகைய கடை நம்பிக்கையை இழக்கும் என்பது அவர் கருத்து. சொல் எச்சிகோயாவின் சொல்லே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தக்காதோஷி நிர்ணயித்தது தம் கடையின் விலையை. மட்சுஷிட்டா நிர்ணயித்ததோ பிறருடைய கடைகளின் விலையை. இவ்வேறுபாட்டின் விளைவு பின்னாளிலேயே வெளிப்பட்டது.

1945 ஆம் ஆண்டிலே போர் முடிந்தபோது தோக்கியோ நகரின் பெரும்பகுதி சாம்பராகிக் கிடந்தது. உணவுக்கு அடுத்தபடியாக மக்கள் நாடியவற்றுள் வானொலிப் பெட்டியும் ஒன்று. தொழிற்சாலையில் முற்றாகச் செய்யப்பட்ட பெட்டியின் விலை வரியும் சேர்ந்து எட்டாத உயரத்தில் நின்றது. ஆதலால் உதிரிப்பாகங்களை வாங்கித் தாமே பெட்டியை இணைப்போர் பெருகினர். கண்டா என்னும் பகுதியிலே, மின்பொறியியற் பள்ளியொன்றின் அயலில், படையினர் கைவிட்ட வானொலிக் குழாய்களையும் கம்பிச் சுருள்களையும் விற்கும் தெருவோரக் கடைகள் வரிசையாகத் தோன்றின. 1949 ஆம் ஆண்டில், நாட்டை ஆண்ட நேசப்படைத் தலைமையகம் தெருக்கடைகளை அகற்றுமாறு கட்டளையிட்டது. வியாபாரிகள் முறையிட்டு, அக்கிஹபரா புகையிரத நிலையத்தருகே உயர்ந்து செல்லும் பாதையின் கீழே இடம் பெற்றனர். உலகப் புகழ்பெற்ற அக்கிஹபரா மின்சாதனக் கடைத்தெரு இவ்வாறு உருவாயிற்று.

சில அடி அகலமே கொண்ட கடைகள் அவை. ஒரே வகைக் குழாயைப் பத்துக் கடைகள் விற்கும். அடுத்த கடையில் என்ன விலை என்று கேட்டு வருவோரிடம் அடம்பிடிப்பதில் வியாபாரிக்கு இலாபமில்லை. எச்சிகோயா பிறந்த அதே நகரிலே பேரம் இவ்வாறு உயிர்பெற்றது. பின்னர் தொலைக்காட்சியும் சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் மக்களின் கனவாக வந்தபோது, அக்கிஹபராவில் குறைத்துத் தருவார்கள் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது.

மறுபுறத்திலே உற்பத்தியாளர்கள் தத்தம் பெயர்தாங்கிய சிறு கடைகளை ஊரூராக நிறுவி, அங்கே குறித்த விலை தளராமற் காத்தனர். இக்கடைகளைப் பழித்தல் நியாயமன்று. பழுதுற்ற பெட்டியைத் திருத்த நள்ளிரவிலும் வருபவர் அக்கடைக்காரரே. அவருடைய பிழைப்பு அந்த இலாபத்திலேயே தங்கியிருந்தது. ஆனால் மாதச் சம்பளக் குடும்பத்தினர் தொலைக்காட்சி வாங்கும்போது அந்த விலைச்சுவரிலேயே மோதவேண்டியிருந்தது.

அச்சுவரை இடிக்க முனைந்தவர் நக்காவுச்சி இசாவோ. போர்க்காலத்திலே பிலிப்பைன்ஸ் தீவுகளிற் காயமுற்றுப் பசியால் வாடி உயிர்தப்பி மீண்டவர் அவர். 1957 ஆம் ஆண்டில் ஒசாக்காவில் டாயெய் என்னும் கடையைத் தொடங்கினார். விலையைத் தீர்மானிக்க வேண்டியவர் உற்பத்தியாளர் அல்லர், நுகர்வோரே என்பது அவர் கொள்கை. 1964 இல் மட்சுஷிட்டாவின் பொருள்களை நூற்றுக்கு 20 வீதம் கழித்து விற்றார். மட்சுஷிட்டா அனுமதித்த எல்லையோ 15 வீதம். உடனே சரக்கு நிறுத்தப்பட்டது. வேறு மொத்த வியாபாரிகள் மூலம் டாயெய் சரக்கைப் பெற்றபோது, அது யாரிடமிருந்து சென்றதென்று உற்பத்தியாளர் துருவி ஆராய்ந்தனர். அற்பமாகத் தோன்றும் ஐந்து வீதத்தினால் மூண்ட பகை முப்பது ஆண்டுகள் நீடித்தது.

1970 ஆம் ஆண்டிலே இப்பகை இரு நிறுவனங்களின் எல்லையைக் கடந்தது. வர்ணத் தொலைக்காட்சியின் குறித்த விலைக்கும் கடைகள் பல உண்மையில் விற்கும் விலைக்கும் இடையே பெரும் இடைவெளி இருப்பதை மாதர் சங்கங்கள் ஆராய்ந்து வெளிப்படுத்தின. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் பெட்டிகள் உள்நாட்டிலும் பார்க்க மலிவாக விற்கப்படுகின்றன என்ற செய்தியும் பரவியது. கேட்டவருக்கு ஒரு விலை, கேளாதவருக்கு இன்னொரு விலை என்றால், குறித்த விலைக்குப் பொருள் என்ன? ஐந்து நுகர்வோர் அமைப்புகள் ஒன்றுகூடி வர்ணத் தொலைக்காட்சி வாங்குவதில்லையென்று தீர்மானித்தன. அவ்வாண்டின் இறுதியில் டாயெய் 13 அங்குலப் பெட்டியொன்றை 59,800 யென்னுக்குத் தன் சொந்தப் பெயரில் விற்பனைக்கு விட்டது. உற்பத்தியாளர்கள் விலையைக் குறைக்க நேர்ந்தது. விற்பனையாளரின் விலையைக் கட்டுப்படுத்திய முறை முறையற்றதென்று நியாய வர்த்தக ஆணையமும் 1971 இல் மட்சுஷிட்டா விடயத்தில் முடிவு செய்தது.

1975 ஆம் ஆண்டில் கியோத்தோ நகரிலுள்ள தமது சோலை இல்லத்துக்கு முதியவர் மட்சுஷிட்டா நக்காவுச்சியை அழைத்தார். வெற்றி கொள்ளும் வழியை விடுத்து அறநெறி அரசரின் வழியிலே நடக்கலாகாதா என்று கேட்டார். நக்காவுச்சி இணங்கவில்லை. இருவரும் தாமே மக்களுக்கு நன்மை செய்வதாக நம்பினர். 1989 இல் மட்சுஷிட்டா காலமானார். அதற்கும் ஐந்தாண்டுகளின் பின், 1994 இல், மட்சுஷிட்டாவுடன் வர்த்தகத் தொடர்புடைய இன்னொரு நிறுவனத்தை டாயெய் தன்னுடன் இணைத்துக்கொண்டபோதே பகை ஓய்ந்தது.

இதற்கிடையில் கணினி வந்து சேர்ந்தது. 1976 ஆம் ஆண்டில் என்.ஈ.சி. நிறுவனம் இணைத்துப் பழகும் சிறு கணினித் தொகுதியொன்றை வெளியிட்டு, அக்கிஹபராவின் வானொலி மாளிகையிலே அதற்கென ஒரு நிலையத்தையும் திறந்தது. வானொலிக் குழாய் தேடி வந்தோரின் பிள்ளைகள் இப்போது நினைவகச் சில்லுகளைத் தேடி வந்தனர். வழக்கம் மட்டும் மாறவில்லை. அயற்கடையின் விலையைச் சொன்னால், சிப்பந்தி கைக்கணிப்பானில் ஓர் எண்ணைத் தட்டி மெல்லத் திருப்பிக் காட்டுவார். வாய்திறந்து சொல்வதில்லை, அடுத்து நிற்பவருக்கு அது கேட்கலாகாது. பிற்காலத்துப் பெருங்கடைகள் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக, அடுத்த கொள்வனவிற் கழித்துக்கொள்ளும் புள்ளிகளை வழங்கின. 1997 இல் அக்கிஹபரா விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையத்தளம் தோன்றியபோது, கடைக்குக் கடை ஏறியிறங்கி அறியவேண்டியிருந்ததை வீட்டிலிருந்தே அறிய முடிந்தது. நாக்கூச்சமுடையவருக்கும் பேரத்தின் பயன் அன்றுதான் எட்டியது.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. மட்சுஷிட்டாவின் நிறுவனம் 2008 இல் பனசொனிக் என்று பெயர் மாறியது. 2020 ஆம் ஆண்டளவில் அது தன் பொருள்கள் சிலவற்றுக்குக் குறித்த விலையை மீண்டும் கொண்டுவரத் தொடங்கியது. ஆனால் இம்முறை ஒரு நிபந்தனை உண்டு. விற்காத சரக்கைக் கடைக்காரர் திருப்பிக் கொடுக்கலாம். நட்டத்தை உற்பத்தியாளரே ஏற்கவேண்டும். பிறர் தோளிற் சுமையை வைத்துக்கொண்டு விலையைத் தான் நிர்ணயிப்பதற்குச் சட்டம் இடந்தரவில்லை; சுமையைத் தானே ஏற்பவர்க்கே அவ்வுரிமை.

தக்காதோஷியும் அவ்வாறே செய்தார். தம் சரக்கை, தம் கடையில், தம் பொறுப்பில் வைத்துக்கொண்டே, இதற்குமேல் குறையாது என்று சொன்னார். அதனால் மக்கள் நம்பினர். ஒரே விலை நேர்மையானதா என்பதை விலைச்சீட்டை மட்டும் பார்த்து அறிதல் இயலாது. அதனை எழுதியவர் எவர், நட்டத்தை ஏற்பவர் எவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். அவ்விடத்தில் ஐயம் எழும்போதெல்லாம் வாங்குவோர் பேரம் பேசத் தொடங்குகின்றனர். கடையிலே எழும் அந்தச் சிறு வாதம் வெறும் காசுக்கான வாதமன்று. தாம் சமமாக நடத்தப்படுகின்றோமா என்று அறிய விழையும் கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கின்றது.