கடலைக்குள் ஒரு நஞ்சு!

தூத்துக்குடி மாவட்டம் என்றதும் முத்து, உப்பு, மக்ரூன் இவற்றோடு நினைவுக்கு வருவது கோவில்பட்டி கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனால் கடலைக்குக் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று உண்டு. அதன் பெயர் அஃப்லாடாக்சின்.

இதன் கதை தொடங்கியது இங்கிலாந்தில். 1960-ல் அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. காரணம் புரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தீவனத்தை ஆராய்ந்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு சிக்கியது. அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையின் நஞ்சுதான் கொன்றது. பூஞ்சையின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் பெயர் வந்தது.

வான்கோழிக்கு வந்தது மனிதனுக்கு வராதா? வந்தது, அதுவும் இந்தியாவில்! 1974 இறுதியில் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மஹால் மாவட்டங்களில் பழங்குடி மக்களிடையே மஞ்சள் காமாலை பரவியது. 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்தார்கள். அவர்கள் வீட்டு நாய்களும் செத்தன. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளமே காரணம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதை விட்டால் அந்த ஏழைகளுக்கு வேறு உணவு இல்லை. சிறிது சிறிதாக உடலில் சேர்ந்தாலும் இந்த நஞ்சு கல்லீரல் புற்றுநோயைத் தரும்.

அடுத்து வணிகம் விழித்துக்கொண்டது. நேரடியாகச் சாப்பிடும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான் இருக்கலாம் என்று 1998-ல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அப்போது இந்திய வரம்பு 30! அதாவது 20 மைக்ரோகிராம் உள்ள கடலை ஐரோப்பியத் துறைமுகத்தில் கழிவு, நம்மூர்ச் சந்தையில் சட்டப்படி உணவு. பிறகு இந்தியாவும் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு 10 என்று குறைத்தது. ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. 2025 செப்டம்பரில் இந்தோனேசியா இதே நஞ்சைக் காரணம் காட்டி இந்தியக் கடலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது.

வறுத்தால் நஞ்சு முழுவதும் அழியாது. நன்றாகக் காயவைப்பதும், சுருங்கிய, கறுத்த சொத்தைக் கடலையைக் கையால் பொறுக்கி எறிவதுமே எளிய வழி. அந்தச் சொத்தை செக்குக்குப் போனால் நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அதை மாடு தின்றால் பாலிலும் வரும்.

ஏற்றுமதியாகும் கடலை ஆய்வகத்தைத் தாண்டித்தான் கப்பல் ஏறுகிறது. தெருமுனையில் பொட்டலம் போட்டு விற்கும் கடலைக்கு ஆய்வகம் எது? வாங்குபவரின் கண்ணும் நாக்கும்தான். கசந்தால் துப்பிவிடுங்கள்!