லாரியா, ட்ரக்கா?

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி: லாரி.

முதல்ல ஒரு சின்ன வாக்குமூலம். எங்க அப்பா 30 வருஷம் லாரி ஓட்டினவர். காலேஜ் சேர்ந்த முதல் வாரம் ஒருத்தன், "அப்பா என்ன பண்றார்?"னு கேட்டான். "லாரி டிரைவர்"னு சொன்னேன். "ட்ரக்னு சொல்லுடா, லாரியெல்லாம் பட்டிக்காட்டு வார்த்தை"ன்னு சிரிச்சான். அதுக்கப்புறம் நாலு வருஷமும் "அப்பா டிரான்ஸ்போர்ட்ல இருக்கார்"னுதான் சொன்னேன். அப்பாவோட வேலையையே மறைச்சுட்டேன்.

சரி, அவன் சொன்னது உண்மையா? லாரி அசல் ஆங்கிலச் சொல். வட இங்கிலாந்தின் வட்டார வழக்கில் 'லர்ரி' என்றால் இழுப்பது. அதிலிருந்து இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்களின் ஊகம். 19ஆம் நூற்றாண்டில் லாரி என்றால் எஞ்சின் வண்டியே கிடையாது. பக்கச் சுவர் இல்லாத, தாழ்வான, தட்டையான வண்டி. குதிரை இழுக்கும், அல்லது தண்டவாளத்தில் ஓடும்.

அந்தப் பழைய அர்த்தம் இன்னும் எங்க உயிரோட இருக்கு தெரியுமா? நம்ம ரயில்வேயில! இந்திய ரயில்வேயின் பொது விதிகளில் ஒரு வரையறை உண்டு. தண்டவாளத்தில் இருந்து நாலு பேர் அப்படியே தூக்கி வெளியே வைக்க முடிந்தால் அது டிராலி. அதே மாதிரி வண்டி, ஆனா அதைவிடக் கனமா இருந்தால் லாரி.

ரோட்டுக்கு வருவோம். 1896இல் இங்கிலாந்தின் லங்காஷயரில், லேலண்ட் என்ற ஊரில் ஒரு கம்பெனி நீராவி வண்டிகள் செய்யத் தொடங்கியது. பின்னாளில் அதுதான் லேலண்ட் மோட்டார்ஸ். குதிரை போய் எஞ்சின் வந்தது, பெயர் மட்டும் அப்படியே நின்றது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. லேலண்டுடன் கைகோத்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது.

பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் இந்த வார்த்தையும் போயிருக்கு. மலாய் மொழியில் 'லோரி'. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியிலும் 'லோரி'. ட்ரக் என்பது அமெரிக்க வழக்கு. அதோட பூர்வீகம் இன்னும் வேடிக்கை: 17ஆம் நூற்றாண்டில் ட்ரக் என்றால் கப்பல் பீரங்கியைத் தாங்கும் வண்டியின் சின்னச் சக்கரம்! ஆக, ரெண்டுமே ஆங்கிலம்தான். ஹாலிவுட் படமும் அமெரிக்கக் கம்பெனிகளும் ஒண்ணை 'ஸ்டைல்' ஆக்கிடுச்சு, அவ்வளவுதான்.

பிரிட்டனில் திருட்டுச் சரக்கைக் கிண்டலா "லாரி பின்னாடி இருந்து விழுந்தது"ன்னு சொல்வாங்க. 2021 செப்டம்பரில் அங்கே ஓட்டுநர் பற்றாக்குறை வந்து, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. கடைசியில் ராணுவ வீரர்கள் வந்து டேங்கர் ஓட்டினாங்க. அப்போ லண்டன் பத்திரிகைகள் பக்கம் பக்கமா எழுதினது 'லாரி டிரைவர்' பற்றித்தான். அதைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சது. ஓட்டுறவங்க வராம போனாத்தான் ஒரு நாட்டுக்கே அவங்க அருமை தெரியுது.

தமிழில் லாரி இப்போ வெறும் கடன் சொல் இல்லை. தண்ணி லாரி, மணல் லாரி, லாரி ஷெட், லாரி ஆபீஸ்னு ஒரு குடும்பமே இருக்கு. சரக்குந்து, சுமையுந்து ரெண்டும் நல்ல சொற்கள்தான். ஆனா நாமக்கல் பக்கம் பாடி கட்டுற பட்டறையில போய்க் கேட்டா, பதில் லாரின்னுதான் வரும்.

போன மாசம் ஒரு விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டம் வந்தது. 'லாரி ஓட்டுநர், ஓய்வு'ன்னு எழுதினேன். அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படிச்சுட்டு, "ஹெவி லைசென்ஸ்னு சேர்த்து எழுதுடா"ன்னார்.

உங்க வீட்லயும் இப்படி மறைச்சு வெச்ச வார்த்தை ஏதாவது இருக்கா? யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.